தனிச் சங்கம் எதற்கு? பெண்கள் கோல்ஃப் அமைப்புகளும் நூற்றாண்டு கடந்த ஒரு கேள்வியும்

ஒரு விளையாட்டுக்கு ஏற்கெனவே சங்கம் இருக்கும்போது, பெண்களுக்கென்று இன்னொன்று எதற்கு? கோல்ஃப் உலகில் இந்தக் கேள்விக்கு வயது நூற்று முப்பதைத் தாண்டிவிட்டது. 1893-இல் லண்டனில் லேடீஸ் கோல்ஃப் யூனியன் தொடங்கியபோது இதைக் கேட்டவர்கள் ஆண்கள். கேட்டதில் ஏளனம் கலந்திருந்தது. 1970-களின் இறுதியிலிருந்து வரலாற்றாசிரியர்கள் கேட்டார்கள். தனியாக நின்றது பெண்களுக்குப் பலமா, பலவீனமா என்பது அவர்களுடைய ஐயம். இந்த நூற்றாண்டில் கேட்பவர்கள் நிர்வாகிகள். ஒரே வேலைக்கு இரண்டு அலுவலகம், இரண்டு சந்தா, இரண்டு செயலாளர் ஏன் என்பது அவர்கள் கணக்கு.

கேள்வி ஒன்றுதான் என்றாலும் பதில்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. பெரும்பாலான பதில்கள் பிரிட்டனின் தேசிய யூனியனை மனத்தில் வைத்தே சொல்லப்பட்டவை. அமெரிக்காவின் வட்டாரச் சங்கங்களை வைத்து அந்தப் பதில்களைச் சோதித்தால் சில விளக்கங்கள் தளர்கின்றன. ஃபிலடெல்ஃபியாவில் 1897, நியூயார்க் பெருநகர வட்டாரத்தில் 1899, மாசச்சூசெட்ஸில் 1900, சிகாகோவை மையமாகக் கொண்ட மேற்கு வட்டாரத்தில் 1901, கிழக்குக் கரையில் 1906, தென் மாநிலங்களில் 1911 என்று பதினைந்து ஆண்டுகளுக்குள் அங்கே பெண்கள் கோல்ஃப் சங்கங்கள் முளைத்தன. (அன்று மேற்கு என்றால் சிகாகோ, கலிஃபோர்னியா யார் கணக்கிலும் இல்லை.) இவை ஏன் பிறந்தன, எப்படி வளர்ந்தன, இவற்றில் சில ஏன் பொதுச் சங்கங்களோடு கரைந்தன என்பதைப் பற்றிய முக்கிய நிலைப்பாடுகளை இக்கட்டுரை எடைபோட முயல்கிறது.

கேள்வி பிறந்த இடம்

பெண்கள் கோல்ஃப் ஆடியதற்கான பழைய தடயங்கள் ஸ்காட்லாந்தில் கிடைக்கின்றன. மசல்பரோ கிளப்பின் 1810 டிசம்பர் நடவடிக்கைக் குறிப்பு, ஊர் மீன்காரப் பெண்களுக்குப் போட்டி வைத்து ஒரு புதிய மீன்கூடையைப் பரிசாகத் தர முடிவுசெய்கிறது. அந்தப் பெண்களுக்குச் சங்கம் எதுவும் அமையவில்லை. சங்கம் வைத்தவர்கள் வசதியான வீட்டுப் பெண்கள்: 1867-இல் செயின்ட் ஆண்ட்ரூஸிலும் மறு ஆண்டு டெவன்ஷயரின் வெஸ்ட்வர்ட் ஹோவிலும் பெண்கள் கிளப்புகள் எழுந்தன. செயின்ட் ஆண்ட்ரூஸில் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டது பந்தை உருட்டி மட்டும் ஆடும் மேட்டு நிலம். கையைத் தோளுக்கு மேலே உயர்த்திப் பந்தை அடிப்பது பெண்ணுக்கு அழகல்ல என்ற எண்ணம் 1890-இல் வெளிவந்த பேட்மிண்டன் நூலக வரிசையின் கோல்ஃப் நூலில்கூட நளினமான மொழியில் இடம்பெற்றிருக்கிறது.

1893 ஏப்ரலில் லண்டன் டிரஃபால்கர் சதுக்கத்து விடுதி ஒன்றில் பெண்கள் கிளப்புகளின் பிரதிநிதிகள் கூடி யூனியனை அமைத்தார்கள். விம்பிள்டன் பெண்கள் கிளப்பின் இசெட் பியர்சன் கௌரவச் செயலாளரானார். அவருக்குத் துணைநின்றவர் லெய்ட்லா பர்வ்ஸ் என்ற மருத்துவர். கென்ட் கடற்கரையில் ராயல் செயின்ட் ஜார்ஜ்ஸ் மைதானம் உருவாகக் காரணமானவரும் அவரே. யூனியன் தொடங்குவது பற்றி யோசனை கேட்கப்பட்டபோது, அக்காலத்தின் பெயர்பெற்ற ஆட்டக்காரரும் எழுத்தாளருமான ஹோரஸ் ஹட்சின்சன் எழுதிய பதில் பின்னாளில் பலரால் எடுத்துக்காட்டப்பட்டது. பெண்களால் ஓர் அமைப்பை ஒற்றுமையாகக் கட்டி நடத்த முடியாது, போட்டியும் நிலைக்காது என்பது அதன் சாரம். யூனியனின் முதல் சாம்பியன்ஷிப் அதே ஆண்டு ஜூனில் லிதம் செயின்ட் ஆன்ஸில் நடந்தது. இறுதியாட்டத்தில் பியர்சனை வென்ற லேடி மார்கரெட் ஸ்காட் 1894, 1895-லும் பட்டத்தைத் தக்கவைத்தார். அந்தச் சாம்பியன்ஷிப் இன்றும் நடக்கிறது.

கதவடைப்பு விளக்கம்

எளிதில் கிடைக்கும் பதில் இது: ஆண்கள் கதவை மூடினார்கள், பெண்கள் தனி வீடு கட்டினார்கள். இதற்குச் சான்றுகள் உண்டு. நியூ ஜெர்சியின் மாரிஸ் கவுன்டி கிளப்பை 1894-இல் தொடங்கி நிர்வகித்தவர்கள் பெண்கள். மைதானம் நன்றாக அமைந்துவிட்டது என்று தெரிந்ததும் ஓரிரு ஆண்டுகளுக்குள் நிர்வாகம் ஆண்கள் கைக்குப் போனது. அமெரிக்கப் பெண்கள் கட்டியதை ஆண்கள் எடுத்துக்கொண்ட முதல் கோல்ஃப் உதாரணம் என்று இதைச் சுட்டுவார்கள். வாக்குரிமையில்லா உறுப்பினர் நிலை, வார இறுதிக் காலைகளில் பெண்களுக்குத் தடை, கணவர் பெயரில் மட்டும் பங்குரிமை போன்ற வழக்கங்கள் பல தனியார் கிளப்புகளில் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை நீடித்தன. விவாகரத்துக்குப் பிறகு உறுப்பினர் உரிமையை இழந்த ஒரு பெண் தொடுத்த வழக்கில், அத்தகைய கிளப்பும் வணிக நிறுவனம்போல் பாகுபாட்டுத் தடைச் சட்டத்துக்கு உட்படக்கூடும் என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1995-இல்தான்.

ஆனால் வட்டாரச் சங்கங்களின் பிறப்புக்கு இந்த விளக்கம் போதாது. அமெரிக்காவின் தேசிய அமைப்பான யுஎஸ்ஜிஏ 1894 டிசம்பரில் உருவானது. ஓராண்டு நிறைவதற்குள், 1895 நவம்பரில், பெண்களுக்கான தேசிய அமெச்சூர் சாம்பியன்ஷிப்பை லாங் ஐலண்டின் மெடோபுரூக் கிளப்பில் நடத்திவிட்டது. பதின்மூன்று பெண்கள் ஆடினார்கள். லூசி பார்ன்ஸ் பிரவுன் 18 குழிகளை 132 அடிகளில் முடித்து வென்றார். பிரிட்டனில் பெண்கள் தாங்களே யூனியன் கட்டித்தான் ஒரு போட்டியை அடைந்தார்கள். அமெரிக்காவிலோ ஆண்கள் நடத்திய அமைப்பே போட்டியைக் கையில் கொடுத்துவிட்டது. அதற்குப் பிறகும் ஃபிலடெல்ஃபியாவும் பாஸ்டனும் சிகாகோவும் தனிச் சங்கம் தேடியிருக்கின்றன. மூடிய கதவு மட்டுமே காரணமென்றால் இதை விளக்க முடியாது.

தன்னாட்சி விளக்கம்

1979-இல் எஸ்டெல் ஃப்ரீட்மன் எழுதிய ஒரு கட்டுரை இந்த விவாதத்தின் திசையை மாற்றியது. அவர் கோல்ஃபைப் பற்றி எழுதவில்லை. 1870 முதல் 1930 வரை அமெரிக்கப் பெண்கள் கட்டிய கல்லூரிகள், மன்றங்கள், நலச் சங்கங்கள் எல்லாம் ஒதுக்கப்பட்டதன் விளைவு மட்டுமல்ல, அறிந்தே கைக்கொண்ட உத்தி என்றும், 1920-களில் அவற்றைக் கைவிட்டபோது பெண்ணியக்கம் வலுவிழந்தது என்றும் வாதிட்டார். இந்தக் கண்ணாடி வழியே பார்த்தால் கோல்ஃப் சங்கங்களும் அந்தக் காலத்து மகளிர் மன்ற அலையின் ஒரு கிளையாகத் தெரிகின்றன. தலைவி, பொருளாளர், விதிக்குழு, போட்டிக்குழு என்று பொறுப்புகளைப் பகிர்ந்து, தாமே பணம் திரட்டி, தாமே தீர்ப்புச் சொல்லப் பழகிய இடங்கள் அவை.

இதற்குப் பொருத்தமான சான்று கிரிஸ்கம் கோப்பை. பாஸ்டன், நியூயார்க், ஃபிலடெல்ஃபியா ஆகிய மூன்று வட்டாரங்களின் பெண்கள் அணிகள் 1902 முதல் இதற்காக மோதுகின்றன. 1900-இன் தேசியச் சாம்பியனான ஃபிரான்ஸெஸ் கிரிஸ்கமின் குடும்பம் தந்த கோப்பை இது. பாஸ்டன் வட்டாரத்தின் கர்ட்டிஸ் சகோதரிகளான ஹாரியட்டும் மார்கரெட்டும் இன்னொரு படி மேலே போனார்கள். 1905-இல் பிரிட்டிஷ் மண்ணில் முறைசாராமல் நடந்த ஓர் அமெரிக்க–பிரிட்டிஷ் ஆட்டத்தில் பங்கேற்ற அவர்கள், அதை முறையான போட்டியாக்க வேண்டும் என்று கால் நூற்றாண்டுக்கும் மேலாக முயன்று, 1932-இல் கர்ட்டிஸ் கோப்பையாக நிலைநிறுத்தினார்கள். ஆண்களுக்கான வாக்கர் கோப்பை பத்து ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. சகோதரிகள் இருவரும் கோல்ஃபோடு நின்றவர்களும் அல்லர். மார்கரெட் முதல் உலகப் போரின்போது பிரான்ஸில் செஞ்சிலுவைப் பணி செய்தார். ஹாரியட் பின்னர் வர்ஜீனியாவில் கறுப்பின மாணவர்களுக்கான ஹாம்ப்டன் கல்வி நிலையத்தில் மாணவியர் தலைமைப் பொறுப்பு வகித்தார்.

இந்த விளக்கத்தை அளவோடு எடுத்துக்கொள்ள வேண்டும். கர்ட்டிஸ் சகோதரிகள் விதிவிலக்குகள். சங்கம் நடத்திய எல்லாரையும் அவர்கள் அச்சில் வார்க்க முடியாது. 1913-இல் பிரிட்டனில் வாக்குரிமைப் போராளிகள் கோல்ஃப் மைதானங்களின் புல்தரைகளை அமிலம் ஊற்றிக் கருக்கியபோது, பெண் ஆட்டக்காரர்களில் பலருக்கு அது தங்கள் சொந்த மைதானத்தின் மேல் விழுந்த அடி. விடுதலை வேட்கை இருந்த இடமெல்லாம் கோல்ஃப் சங்கம் பிறக்கவில்லை. கோல்ஃப் சங்கம் பிறந்த இடமெல்லாம் விடுதலை வேட்கையும் இல்லை.

தூரமும் சிகாகோவும்

வரலாற்றாசிரியர்கள் அதிகம் பேசாத ஒரு காரணம் நிலவரைபடத்தில் இருக்கிறது. 1895 முதல் 1902 வரை தேசியப் பெண்கள் அமெச்சூர் எட்டு முறை நடந்தது. எட்டும் நியூயார்க், நியூ ஜெர்சி, பென்சில்வேனியா, மாசச்சூசெட்ஸ் ஆகிய நான்கு மாநிலங்களுக்குள்தான். சிகாகோவில் இருந்த ஆட்டக்காரி அதில் ஆட வேண்டுமானால் நெடுந்தூர ரயில் பயணம், விடுதி வாசம், வீட்டையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ள ஆள், கூட வருவதற்குத் துணை எல்லாம் வேண்டும். ஆண்களுக்கான வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன் 1899-இல் சிகாகோவில் எழுந்ததற்கும் கிழக்கின் ஆதிக்கத்தின் மேல் இருந்த இதே மனக்குறை ஒரு காரணம். இரண்டு ஆண்டுகள் கழித்து விமன்ஸ் வெஸ்டர்ன் கோல்ஃப் அசோசியேஷன் பிறந்தது.

அதன் முதல் சாம்பியன்ஷிப் 1901-இல் சிகாகோவுக்கு வடக்கே லேக் ஃபாரஸ்டின் ஆன்வென்சியா கிளப்பில் நடந்தது. வென்றவர் பெஸி ஆன்டனி. 1902, 1903-லும் அவரே வென்றார். 1903-இல் தேசிய அமெச்சூர் முதன்முறையாகக் கிழக்கை விட்டு நகர்ந்து சிகாகோ கோல்ஃப் கிளப்புக்கு வந்தபோது, அந்தப் பட்டமும் அவருக்குப் போனது. ஒரே ஓர் ஆட்டக்காரியின் திறமையை வைத்து அதிகம் சொல்லிவிட முடியாதுதான். ஆனால் வட்டாரத்தில் தொடர்ந்து ஆட ஒரு போட்டி இருந்ததற்கும் தேசிய அரங்கில் வென்றதற்கும் தொடர்பே இல்லை என்று சொல்வதும் கடினம். தெற்கிலும் இதே வரிசையைப் பார்க்கிறோம். 1911-இல் தென் வட்டாரச் சங்கம். 1915, 1916, 1919-இல் அதன் பட்டங்களை வென்றவர் அட்லாண்டாவின் அலெக்ஸா ஸ்டிர்லிங். 1916, 1919, 1920-இல் தேசியப் பட்டமும் அவருடையது. இடைப்பட்ட 1917, 1918 போரினால் போட்டி நின்ற ஆண்டுகள்.

மேற்கு வட்டாரச் சங்கத்தின் கதையில் உண்மையில் வியப்புக்குரியது 1930-இல் எடுத்த முடிவு. அமெச்சூர் பெண்கள் நடத்திய அந்தச் சங்கம், தொழில்முறை ஆட்டக்காரர்களும் கலந்துகொள்ளக்கூடிய ஓர் ஓபன் போட்டியை அறிவித்தது. அப்போது அமெரிக்காவில் காசுக்கு ஆடும் பெண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். போட்டி இருந்ததால் தொழில் வளர்ந்ததா, தொழில் வரும் என்று எதிர்பார்த்துப் போட்டி வைத்தார்களா என்பது விவாதத்துக்குரியது. விளைவு தெளிவாகத் தெரிகிறது. 1937-இல் ஹெலன் ஹிக்ஸ், 1940-இல் பேப் ஸகாரியாஸ், 1941-இல் பேட்டி பெர்க் என்று தொழில்முறைக்கு மாறிய பெண்கள் அதை வென்றார்கள். லூயீஸ் சக்ஸ் 1946, 1947-இல் அமெச்சூராகவே வென்று, பிறகு 1949-லும் 1953-லும் தொழில்முறை ஆட்டக்காரியாக வென்றார். இரண்டாம் உலகப் போரால் 1942 முதல் 1945 வரை தேசியப் பெண்கள் அமெச்சூர் நின்றுபோனது; மேற்கு வட்டார ஓபன் அந்த நான்கு ஆண்டுகளிலும் நடந்தது.

தேசிய அமைப்பு எங்கே இருந்தது? யுஎஸ் விமன்ஸ் ஓபனை 1946-இல் தொடங்கியது பெண் தொழில்முறையாளர்களின் முதல் அமைப்பான டபிள்யூபிஜிஏ. பிறகு அதன் இடத்துக்கு வந்த எல்பிஜிஏ அதை நடத்தியது. யுஎஸ்ஜிஏ அந்தப் பொறுப்பை ஏற்றது 1953-இல். அதற்கு இருபத்து மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஒரு வட்டாரப் பெண்கள் சங்கம் அதே வேலையைத் தொடங்கிவிட்டது. பேட்டி பெர்க் வென்றதாகக் கணக்கிடப்படும் பதினைந்து மேஜர் (முதன்மைப் போட்டி) பட்டங்களில் ஏழு இந்த மேற்கு வட்டார ஓபனில் வந்தவை. யுஎஸ் விமன்ஸ் ஓபனில் வந்தது ஒன்றே ஒன்று. பெண்கள் தொழில்முறை கோல்ஃபின் பாரம்பரியம் எல்பிஜிஏ நிறுவப்பட்ட 1950-இல் தொடங்குகிறது என்று எழுதுகிறவர்கள் இந்த எண்ணிக்கையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

அந்த ஓபன் 1967-இல், கேத்தி விட்வர்த்தின் வெற்றியோடு முடிந்தது. பரிசுத்தொகையும் விளம்பரதாரர்களும் தொலைக்காட்சியும் போட்டிகளின் தலைவிதியை எழுதத் தொடங்கிய காலம் அது. தொண்டர்களின் சங்கம் அந்தப் பந்தயத்தில் ஓட முடியாமல் போயிருக்கலாம். அமெச்சூர் போட்டி மட்டும் தொடர்ந்தது.

யாருக்கான சங்கம்?

வரலாற்றாசிரியர்களின் மூன்றாவது நிலைப்பாடு வர்க்கத்தையும் நிறத்தையும் முன்வைக்கிறது. அமெரிக்கக் கன்ட்ரி கிளப்பை ஒரு சமூக நிறுவனமாக ஆராய்ந்த ரிச்சர்ட் மாஸ், கறுப்பின கோல்ஃப் வரலாற்றை எழுதிய லேன் டெமாஸ் போன்றோரின் நூல்கள் இந்தக் கோணத்துக்கு வலுச்சேர்த்தன. பெண்கள் சங்கங்களின் உறுப்பினர்கள் கிளப்புகள். கிளப்புகளின் உறுப்பினர்கள் பணக்கார வெள்ளைக் குடும்பங்கள். வார நாள் காலையில் போட்டி வைத்தாலே அலுவலகம் போகும் பெண் வெளியே நின்றுவிடுகிறாள்.

1935-இல் பேப் டிட்ரிக்சன் டெக்சாஸ் பெண்கள் அமெச்சூர் பட்டத்தை வென்றபோது இந்தப் பிளவு வெளியே தெரிந்தது. ஒலிம்பிக் பதக்கங்கள் பெற்றிருந்தவர், துறைமுக நகரமான போமான்டில் உழைப்பாளிக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர் வருகை சில கிளப் பெண்களுக்கு உவப்பாக இல்லை. வென்ற கொஞ்ச நாளிலேயே யுஎஸ்ஜிஏ அவரைத் தொழில்முறையாளர் என்று முத்திரை குத்தி அமெச்சூர் போட்டிகளிலிருந்து விலக்கியது. மணமாகிப் பேப் ஸகாரியாஸ் ஆனவர் பின்னாளில் மேற்கு வட்டார ஓபனை நான்கு முறை வென்றார் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பெண்கள் சங்கங்கள் எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடக்கூடாது என்பது புரியும்.

கறுப்பினப் பெண்களுக்கு இந்த இடைவெளிகூட இல்லை. 1937-இல் வாஷிங்டனில் ஹெலன் வெப் ஹாரிஸ் கூட்டிய பதின்மூன்று பெண்கள் வேக்-ராபின் கிளப்பைத் தொடங்கினார்கள். நகரின் கறுப்பின ஆண்கள் கிளப்போடு சேர்ந்து அவர்கள் உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கஸிடம் மனுக் கொடுத்தார்கள். 1939-இல் திறக்கப்பட்ட லாங்ஸ்டன் பொது மைதானத்துக்குப் பின்னால் அந்த அழுத்தம் இருந்தது. அதே 1937-இல் சிகாகோவிலும் கறுப்பினப் பெண்கள் கோல்ஃப் கிளப் ஒன்று எழுந்தது. அந்த கிளப் யுஎஸ்ஜிஏ-வில் உறுப்பினராக ஏற்கப்பட்டதால், 1956-இல் அதன் உறுப்பினரான, இண்டியானாவின் கேரி நகரைச் சேர்ந்த ஆன் கிரிகரி தேசிய அமெச்சூரில் ஆடிய முதல் கறுப்பினப் பெண் ஆனார். மூன்று ஆண்டுகள் கழித்து அதே போட்டியின் ஆட்டக்காரர்கள் விருந்தில் அவருக்கு இடம் மறுக்கப்பட்டது. ஆடும் உரிமை கிடைத்தது. பந்தியில் இடம் கிடைக்கவில்லை. நம் ஊர் வாசகருக்கு இதை விளக்கத் தேவையில்லை.

வர்க்க விளக்கத்தின் வலு, யார் உள்ளே இருந்தார்கள் என்பதைச் சரியாகச் சொல்வது. அதன் குறை, உள்ளே இருந்தவர்கள் ஏன் இத்தனை உழைப்பைக் கொட்டினார்கள் என்பதைச் சொல்லாதது. பொழுதுபோக்குக்கும் விருந்துக்கும் கிளப்பே போதும். ஊர் ஊராகச் சங்கம் வேண்டியதில்லை. 1991-இல் ஃபுளோரிடாவில் நான்சி ஆலிவர் வேலைக்குப் போகும் பெண்களுக்காக ஒரு புதிய கோல்ஃப் அமைப்பைத் தொடங்கியபோது, அதுவும் பெண்களுக்கான தனி அமைப்பாகத்தான் இருந்தது. பழைய சங்கங்களின் கால அட்டவணை ஒத்துவரவில்லை என்றாலும், தனி அமைப்பு என்ற வடிவத்தை அவர் விட்டுவிடவில்லை.

கணக்குப் புத்தகம்

இந்த மூன்று விளக்கங்களும் தொடாமல் விட்ட, கவர்ச்சியே இல்லாத ஒரு வேலை இருக்கிறது: ஹேண்டிகேப். திறமை குறைந்தவருக்குச் சில அடிகள் சலுகை தந்து, வல்லவரோடு சமமாக ஆடவைக்கும் எண் அது. ஒரு கிளப்புக்குள் செயலாளரே குத்துமதிப்பாக அந்த எண்ணைப் போட்டுவிடலாம். இரண்டு கிளப்புகள் மோதும்போது சிக்கல் தொடங்கும். இந்த கிளப்பின் பத்தும் அந்த கிளப்பின் பத்தும் ஒன்றா? மைதானத்தின் நீளமும் கடினமும் வேறு. போதாததற்கு, பெண்களின் அடித்தூரத்தை வைத்து மைதானத்தை மதிப்பிட யாரும் மெனக்கெடவில்லை. ஆண்களுக்கு இன்ன குழி நான்கு அடி என்று வகுத்த கணக்கு பெண்களுக்குப் பொருந்தாது.

இசெட் பியர்சனின் உண்மையான சாதனை இங்கேதான். உறுப்பினர் கிளப் ஒவ்வொன்றின் மைதானத்துக்கும் பெண்களுக்கான அளவை நிர்ணயித்து, ஆடிய அடிகளை எழுதி அனுப்ப வைத்து, எண்களைச் சரிபார்த்து, நாடு முழுக்க ஒரே மாதிரி ஹேண்டிகேப்பை அவர் சில ஆண்டுகளில் கொண்டுவந்தார். பிரிட்டிஷ் ஆண்கள் அத்தகைய பொதுமுறைக்கு வந்து சேர்ந்தது 1920-களில். பெண்களால் அமைப்பை நடத்த முடியாது என்ற ஆரூடத்துக்கு இதைவிட நல்ல மறுமொழி கிடைக்காது. ஆனாலும் வெற்றிக்கோப்பைகளைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களோடு ஒப்பிட்டால் இதைப் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு.

அமெரிக்க வட்டாரச் சங்கங்களின் வளர்ச்சியையும் இந்த வழியில் வாசிக்கலாம். கிளப்புகளுக்கிடையே அணிப் போட்டி வைக்க வேண்டுமானால் பொதுவான எண் வேண்டும். எண் வேண்டுமானால் மைதானங்களை நேரில் போய் அளக்கும் குழு வேண்டும். குழுவுக்குப் பயிற்சி, விதிப் புத்தகம், ஆண்டுக் கால அட்டவணை, பதிவேடு வேண்டும். இந்த வேலைகளை வாரந்தோறும் செய்தவர்கள் ஊதியமில்லாத பெண்கள். தேசிய அமைப்பு ஆண்டுக்கு ஒரு சாம்பியன்ஷிப் தரலாம். சாம்பியன் ஆகப்போவதில்லை என்று தெரிந்தே ஆடும் பெரும்பாலோருக்குத் தேவை அடுத்த செவ்வாய்க்கிழமை ஆட்டமும் நம்பத்தக்க ஓர் எண்ணும். அதைத் தந்தது வட்டாரச் சங்கம். கதவடைப்பு இந்தச் சங்கங்கள் பிறக்க ஒரு காரணமாக இருந்திருக்கலாம். தன்னாட்சி ஆசை அவற்றுக்கு உற்சாகம் தந்திருக்கலாம். அவற்றை நூறாண்டு தாங்கியது இந்தக் கணக்கு வேலை என்றே தோன்றுகிறது.

இணைப்பின் காலம்

இந்த வாசிப்பு சரியானால், கணக்கு வேலை கைமாறும்போது சங்கமும் ஆட்டம் காண வேண்டும். ஏறத்தாழ அப்படித்தான் நடந்தது. 1981-இல் யுஎஸ்ஜிஏ கணினி வழி ஹேண்டிகேப் சேவையைத் தொடங்கியது. 2020-இல் உலகம் முழுமைக்குமான ஒரே ஹேண்டிகேப் முறை நடைமுறைக்கு வந்தது. ஆணுக்கும் பெண்ணுக்கும் சூத்திரம் ஒன்று. இந்த இரு ஆண்டுகளுக்கு இடையில்தான் இணைப்புகளில் பெரும்பாலானவை நடந்தன. வேல்ஸில் 2007, இங்கிலாந்தில் 2012, ஸ்காட்லாந்தில் 2015. லேடீஸ் கோல்ஃப் யூனியன் 2017 ஜனவரியில், கோல்ஃப் விதிகளை வகுக்கும் ஆர் அண்ட் ஏ அமைப்போடு இணைந்தது. அந்த அமைப்பு கிளைத்துவந்த செயின்ட் ஆண்ட்ரூஸின் பழைய ஆண்கள் கிளப் பெண்களை உறுப்பினராக்க ஒப்புக்கொண்டே அப்போது மூன்று ஆண்டு முடியவில்லை. அமெரிக்காவில் 1900-இல் பிறந்த மாசச்சூசெட்ஸ் பெண்கள் சங்கமும் கொலராடோ பெண்கள் சங்கமும் 2018-இல் தத்தம் மாநிலப் பொதுச் சங்கங்களோடு ஒன்றாயின. 1893-இல் உருவான ஐரிஷ் பெண்கள் யூனியனும் 2021-இல் பொது அமைப்புக்குள் சென்றது.

இதற்குக் கணினியை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2010-இன் சமத்துவச் சட்டம், பொது நிதி தரும் அமைப்புகள் ஒரு விளையாட்டுக்கு ஒரே நிர்வாகத்தை விரும்பியது, தொண்டர்கள் கிடைப்பது அரிதானது ஆகியவையும் சேர்ந்திருக்கின்றன.

இணைப்பை ஆதரிப்பவர்கள் காட்டும் வலுவான சான்று பரிசுத்தொகை. யூனியனிடமிருந்து ஆர் அண்ட் ஏ ஏற்றுக்கொண்ட பெண்கள் பிரிட்டிஷ் ஓபன் 2017-இல் சுமார் 32.5 லட்சம் டாலர் தந்தது. 2023-இல் 90 லட்சம் டாலர். 2022-இல் அதே போட்டி மியூர்ஃபீல்டில் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு முன்புவரை பெண்களை உறுப்பினராக ஏற்காத கிளப் அது. இந்த வளர்ச்சியில் இணைப்பின் பங்கு எவ்வளவு, புதிய விளம்பரதாரரின் பங்கு எவ்வளவு, உலகெங்கும் பெண்கள் விளையாட்டுக்குக் கூடிய சந்தை மதிப்பின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டுவது கடினம். அது தவிர, இது உச்சியில் ஆடும் நூற்றைம்பது பேருக்கான பணம். செவ்வாய்க்கிழமை ஆட்டக்காரிக்கு என்ன கிடைத்தது என்பதை இந்த எண் சொல்லாது.

எதிர்த்தரப்பு கல்லூரி விளையாட்டைச் சுட்டுகிறது. அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் விளையாட்டைப் பெண்களே நடத்திய ஏஐஏடபிள்யூ 1971-இல் தோன்றி, 1982-இல் ஆண்கள் நிர்வகித்த என்சிஏஏ-வின் போட்டியைத் தாங்காமல் மறைந்தது. பெண் அணிகளின் பயிற்றுநர்களில் பெண்கள் 1972-இல் 90 சதவீதத்துக்கு மேல். பின்னர் அது பாதிக்கும் கீழே சரிந்தது. ஆடும் பெண்களின் எண்ணிக்கையும் பணமும் அதே காலத்தில் பன்மடங்கு பெருகின என்பதையும் நேர்மையாகச் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஆட்டக்காரிகளுக்கு ஆதாயம், நிர்வாகப் பெண்களுக்கு இழப்பு என்ற இந்த வடிவம் கோல்ஃபிலும் திரும்புமா? பிரிட்டனில் 2017-இல் நடைமுறைக்கு வந்த விளையாட்டு நிர்வாக நெறி, குழுக்களில் ஒவ்வொரு பாலினத்துக்கும் குறைந்தது 30 சதவீதம் என்ற இலக்கை வைத்தது ஒரு காப்பு. மேலிடக் குழுவில் மூன்று நாற்காலி என்பது ஒரு வட்டாரம் முழுக்கப் போட்டிக்குழு, விதிக்குழு, மதிப்பீட்டுக்குழு என்று பல பெண்கள் ஏற்றிருந்த பொறுப்புகளுக்கு ஈடாகுமா என்பது ஐயமே.

தீராதவை

இதுவரை உள்ள சான்றுகளைக் கொண்டு சிலவற்றைத் தயங்காமல் சொல்லலாம். பெண்களின் தனிச் சங்கங்கள் ஆண்கள் துரத்தியதால் மட்டும் பிறந்தவை அல்ல. அமெரிக்க வட்டாரச் சங்கங்கள் தூரத்துக்கும் கணக்குக்கும் கண்ட விடைகள். தேசிய அமைப்பு தயங்கிய இடத்தில் ஒரு வட்டாரச் சங்கம் துணிந்ததற்கு 1930-இன் ஓபன் சாட்சி. அவை எல்லாப் பெண்களுக்கும் உரியவையாக இருந்ததில்லை என்பதற்கு 1937-இன் இரண்டு கறுப்பினப் பெண்கள் கிளப்புகள் சாட்சி.

தெரியாதவை இணைப்பைச் சுற்றியே நிற்கின்றன. ஃபிலடெல்ஃபியா, மாசச்சூசெட்ஸ் போன்ற வட்டாரங்களை ஒப்பிட்டு, தனியாக நீடித்த காலத்தையும் இணைந்தபின் உள்ள காலத்தையும் அளந்து பார்க்கும் ஆய்வு இந்தத் துறைக்குத் தேவை. கொண்டாட்ட மலர்களும் தலைவர்களின் உரைகளும் அதற்கு உதவா. இணைந்த சங்கங்கள் ஒவ்வோர் ஆண்டும் மூன்று எண்களை வெளியிட வேண்டும்: பெண்களுக்கு ஒதுக்கிய போட்டி நாட்கள் எத்தனை, அவற்றுக்குச் செலவிட்ட தொகை எவ்வளவு, மாநிலக் குழுவுக்குக் கீழே உள்ள குழுக்களில் தலைமை ஏற்ற பெண்கள் எத்தனை பேர். இணைப்புக்கு முந்தைய பதிவேடுகளில் இந்த மூன்றையும் தேடி எடுத்துப் பக்கத்தில் வைக்க முடியும். அதுவரை, இணைப்பைப் பெண்களின் வெற்றி என்றோ தோல்வி என்றோ எழுதுவது அவசரம்.